குற்றம் யார் மேல் என்று எழுதித் தரவும்

வெங்கடராகவனுக்கு விவாகரத்து ஒரு பொருட்டே இல்லை. கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. நாலு வருஷம் அவர் குடும்பநலக் கோர்ட் படி ஏறி இறங்கியது ஒரே ஒரு வாக்கியத்துக்காக. இந்தக் கல்யாணம் கெட்டுப்போனதற்குக் காரணம் பெருந்தேவிதான், வெங்கடராகவன் மேல் எள்ளளவும் தப்பில்லை என்று ஒரு நீதிபதி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தர வேண்டும். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டுவாரா, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் துளசி சாத்துவாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் வேண்டும்.

ஆள் யாரென்றால், செங்கல்பட்டில் ஏதோ ஒரு வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நாற்பத்தாறு வயது. நெற்றியில் கோணாத ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று பேனா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த அலுவலகத்துக்கு அவர் செய்த தொண்டு குறிப்பாணை எழுதியது. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தவருக்கு ஒன்று: 'தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை மூன்று தினங்களுக்குள்…' டீ குடிக்கப் போனவருக்கு ஒன்று. டீ குடிக்கப் போகாமல் மேஜையிலேயே தூங்கியவருக்கு ஒன்று. மின்விசிறி சத்தம் போட்டதற்காக அதன் கீழே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்டுக்கும் ஒன்று போனது. மேலதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கும். எது கெட்டாலும் அது யாருடைய தப்பு என்று எழுத்தில் தயாராக வைத்திருப்பார். கெட்டதைச் சரி செய்வது அவர் வேலை இல்லை.

இந்த வித்தையை அலுவலகத்திலேயே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் பெருந்தேவி இன்றைக்கும் அவருக்குக் காப்பி கலந்து கொண்டிருப்பாள். வெங்கடராகவன் வீட்டுக்கும் எடுத்து வந்தார். கல்யாணமான மூன்றாம் மாதமே ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, நாள், குறை, விளக்கம், கையொப்பம் என்று நாலு கட்டம் பிரித்தார். ரசத்தில் உப்பு. துவைத்த வேட்டியில் நீலம் திட்டுத் திட்டாக. அம்மாவிடம் எதிர்ப்பேச்சு. மாதக் கடைசியில் மனைவி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெருந்தேவி கணக்கு டீச்சர். திருப்போரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குத் தேற்றங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம் நின்றுகொண்டே வந்து, உப்புக்கு விளக்கம் எழுதினாள். முதல் இரண்டு வருஷம் இதை விளையாட்டு என்று நினைத்தாள். அடுத்த ஐந்து வருஷம் வியாதி என்று நினைத்தாள். அதற்கப்புறம் நினைப்பதை விட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டாள்.

அவர் அடித்தாரா? இல்லை. குடித்தாரா? பெருமாள் தீர்த்தத்தைத் தவிர வேறு எதுவும் தொட்டதில்லை. வேறு பெண் உண்டா? அதற்கெல்லாம் ஒரு ஈரம் வேண்டும். அப்புறம் எதற்கு ஒரு பெண் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். போனதற்குக் காரணம் ஒரு தண்ணீர் பாட்டில்.

எட்டு வயது அம்மு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அப்பா மகளுக்குக் குறிப்பாணை கொடுத்தார். முழுத்தாளில், தேதி போட்டு, பொருள், பார்வை எல்லாம் போட்டு. அம்மு நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் எழுதினாள். 'என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன். இனி நடக்காது.' அடியில், அப்பா சொல்லிக் கொடுத்தபடி, 'தங்கள் உண்மையுள்ள, அம்மு.' பெருந்தேவி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். மறுநாள் காலை இரண்டு பையோடும் ஒரு குழந்தையோடும் திருப்போரூர் பஸ் ஏறினாள். கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி மாடி போர்ஷன். அவ்வளவுதான். தட்டு பறக்கவில்லை, அக்கம்பக்கம் கூடவில்லை. சில கல்யாணங்கள் இப்படித்தான், சத்தமில்லாமல், ஒரு எட்டு வயதுக் குழந்தையின் கையெழுத்தில் முடிந்துபோகும்.

ஒரு வருஷம் போனது. வெங்கடராகவன் ஒரு பெரிய கோப்போடு வக்கீல் வாசுதேவனிடம் வந்தார். வாசுதேவன் செங்கல்பட்டில் முப்பது வருஷமாகக் கல்யாணங்களைப் பிரித்து வைக்கிறவர்; தன் கல்யாணத்தை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறார். கோப்பைத் திறக்காமலே விஷயத்தைச் சொன்னார். இரண்டு வழி உண்டு. ஒன்று, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே மனுப் போடுவது. ஒரு வருஷம் பிரிந்து இருந்தால் போதும், அது ஆகிவிட்டது. போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருந்து, மறுபடி ஒருமுறை வந்து, ஆமாம், மனசு மாறவில்லை என்று இருவரும் சொன்னால் முடிந்தது. ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பெருந்தேவி இதற்குச் சம்மதம் என்று ஏற்கனவே தன் வக்கீல் ஜாக்குலின் மூலமாகக் கடிதமே அனுப்பியிருந்தாள்.

இன்னொன்று, ஒருத்தர் மேல் ஒருத்தர் குற்றம் சொல்லி வழக்காடுவது. மனு, அதற்குப் பதில், சமரசப் பேச்சு, எழுதிக் கொடுக்கும் சாட்சியம், அப்புறம் கூண்டில் ஏறி எதிர்க்கட்சி வக்கீலின் குறுக்கு விசாரணை. நடுவில் நீதிபதி மாறுவார், வக்கீல்கள் புறக்கணிப்பு வரும், வாய்தா மேல் வாய்தா. நாலு வருஷமும் ஆகும், ஐந்தும் ஆகும். ஒருவன் ஊரை விட்டு ஓடிப்போனால், உதைத்தால், எதிராளி கையெழுத்தே போட மாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த வழியில் போய்த்தான் ஆக வேண்டும். இங்கே அதற்கு அவசியமே இல்லையே என்றார் வாசுதேவன்.

வெங்கடராகவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"முதல் வழியில, தப்பு யார் மேலன்னு தீர்ப்புல எழுதுவாளா?"

"எழுத மாட்டாங்க."

"அப்ப ரெண்டாவது வழி."

வெங்கடராகவனின் அம்மாவுக்கும் இதில் ஒரு ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் வரன் பக்கத்தில், குற்றமற்ற விவாகரத்தானவர் என்று ஒரு ஜாதி ஆண்கள் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தாள். பிள்ளையையும் அந்த ஜாதியில் சேர்க்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கு மறுகல்யாணத்தில் அவசரம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லாத நோட்டு அலமாரியில் கிடந்தது. அந்த நாலாவது கட்டம் நிரம்பாமல் நின்றது. பெருந்தேவி போடவில்லையென்றால் நீதிபதி போடட்டும்.

மனு நாற்பத்து மூன்று பத்தி வந்தது. முப்பத்தைந்து பத்தி வெங்கடராகவனின் சொந்தச் சரக்கு. பாக்கி எட்டு, வக்கீல் குமாஸ்தா பூபாலனின் கம்ப்யூட்டரில் காலங்காலமாக இருக்கும் ரெடிமேட் பத்திகள். எந்த மனைவி மேல் வழக்குப் போட்டாலும் அவை தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பதினேழாவது பத்தியில் பெருந்தேவி மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு தீ வைத்துக்கொள்வேன் என்று மாமியாரை மிரட்டினாள். இருபத்தொன்றில் இரவில் மொட்டை மாடியில் யாரிடமோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். வெங்கடராகவன் சிவப்புப் பேனாவை எடுத்து வரி வரியாகப் படித்தார். ஒற்று விட்ட இடங்களில் எல்லாம் திருத்தினார். மண்ணெண்ணெயைத் தொடவில்லை.

"சாமி, அல்லாம் கரெக்டாக் கீதா?" என்று பூபாலன் கேட்டான்.

"பதினேழாவது பத்தியில 'மிரட்டி பேசினாள்' இல்ல, 'மிரட்டிப் பேசினாள்'. ப் வரணும்."

"ப்பு போட்டாச்சு சாமி. மேட்டரு?"

"மேட்டர் இருக்கட்டும்."

பெருந்தேவியின் பதில் நாலே பக்கம். அதை எழுதிய ஜாக்குலினுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவள் அப்பா சாலமோன் மாம்பாக்கம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அந்த வயல் மனைப்பிரிவான பிறகு அதே இடத்தில் வாட்ச்மேன். ஜாக்குலின்தான் வீட்டிலேயே முதல் பட்டதாரி, முதல் வக்கீல். அவளுக்குக் குரல் எழும்பாது. கேட்கிறவர் கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். பதிலில் அவள் எழுதியது இது: எங்களுக்கும் விவாகரத்து வேண்டும். ஆனால் கொடுமைப்படுத்தியது அவர். அதற்கு ஆதாரம் அவர் கொடுத்த மூன்று குறிப்பாணைகள், குழந்தை எழுதிய விளக்கம், பிறகு இந்த மனு.

வெங்கடராகவன் சிரித்தே விட்டார். தன் மனுவே அவளுக்கு ஆதாரமாம். ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். வாசுதேவன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டினவள் மேல் இல்லாததைச் சொல்லி எழுத்தில் கொடுத்து, அதை நிரூபிக்க முடியாமல் போனால், அப்படிச் சொன்னதே கொடுமை என்று கோர்ட்டுகள் பலமுறை தீர்ப்பளித்திருக்கின்றன என்றார். மண்ணெண்ணெயையும் மொட்டை மாடியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். எழுதியதை எடுப்பது தப்பை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகும் என்று வெங்கடராகவன் விளக்கினார். வக்கீலுக்கே.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. வாய்தா நாளன்று லீவு போட்டுவிட்டு, டிபன் டப்பாவோடு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். கூப்பிடும்போது முதல் ஆளாய் எழுந்து நிற்பார். அங்கே நிற்கிற மற்றவர்கள் கண்ணில் தூக்கம் இல்லை, சோறு இறங்காத முகம். இவர் மட்டும் பதவி உயர்வு நேர்காணலுக்கு வந்தவர் போலப் பளிச்சென்று இருப்பார்.

அப்போதுதான் தங்கை மேக்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஹரிசங்கர், அவளோடு பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். கல்யாணம் மாமல்லபுரத்துக்கு முன்னால் கடலோர ரிசார்ட்டில், மூன்று நாள். அக்கினி அணையாமல் இருக்கக் கடல் பக்கம் தட்டி கட்டி, மணலில் மேடை போட்டு, வாத்தியாருக்குக் காலர் மைக் வைத்து நடத்துகிற கல்யாணம். இதெல்லாம் வெங்கடராகவனுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை கன்னிகாதானம்.

அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. அம்மா உட்காரக் கூடாது. அண்ணன்தான் தங்கையை மடியில் உட்கார வைத்துத் தாரை வார்க்க வேண்டும்; அவன் கையில் தண்ணீர் விட மன்னி பக்கத்தில் நிற்க வேண்டும். பெண்டாட்டி இல்லாதவனுக்கு அந்த இடத்தில் உட்கார யோக்யதை இல்லை. சித்தப்பாவும் சித்தியும் உட்காரத் தயார், ஆசையாகவே தயார். ஆனால் பத்திரிகையில் சித்தப்பா பெயர் மேலே ஏறும். ஏன் அண்ணன் உட்காரவில்லை என்று சம்பந்தி கேட்பார். சம்பந்தியிடம் மன்னிக்குத் திருப்போரூரில் வேலை, வந்துபோவது சிரமம், அங்கேயே வீடு எடுத்திருக்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதில் வெங்கடராகவனுக்குப் பெருமை.

ஆகவே, மனைவி தன்னைக் கொடுமைப்படுத்தினாள், கைவிட்டு ஓடினாள் என்று கோர்ட்டில் சத்தியம் செய்திருந்த மனிதர், அதே மனைவியை மடிசார் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டார். நேரில் கேட்கவில்லை, மேக்னாவை அனுப்பினார். வக்கீலிடம் சொல்லவும் இல்லை. இது ஆத்து விஷயம், வக்கீலுக்கு எதற்கு?

மேக்னா திருப்போரூர் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பெருந்தேவி வந்த புதிதில் அண்ணனின் குறிப்பாணை ஒன்றைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்ட ஒரே ஆள் இந்த மேக்னாதான். வருகிறேன் என்றாள் பெருந்தேவி. வேறு பேச்சே இல்லை.

இதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். ஆனால் மூன்று நாள் நிகழ்ச்சிக்கு ஒரு எழுத்து மூல அறிவுறுத்தல் வேண்டாமா? வெங்கடராகவன் உட்கார்ந்து, நீலப் பேனாவால், பதினோரு அம்சம் எழுதினார். ஒன்று: ஒன்பது கஜம், அரக்கு நிறம். நான்கு: அறை எண் 104 நம் இருவர் பெயரிலும் பதிவாகியுள்ளது, காலையில் இருவரும் சேர்ந்தே, சம்பந்தி வீட்டார் பார்வையில் படும்படி வெளியே வருதல் வேண்டும். ஆறு: தாரை வார்க்கும்போது முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ளவும். எட்டு: இது விஷயத்தில் கடந்த காலத்தில் தாங்கள் செய்த தவறுகள் தற்காலிகமாகப் பொருட்படுத்தப்படமாட்டா. ஒன்பது: வழக்கு பற்றி எவரிடமும் வாய் திறக்கலாகாது, திங்கட்கிழமை முதல் வழக்கு வழக்கம்போல் நடைபெறும். கையெழுத்து, தேதி. உறைக்குள் போட்டுத் தங்கை மூலமாகவே அனுப்பினார்.

பெருந்தேவி வந்தாள். அரக்கு மடிசாரில், கடல் காற்றில் பறக்கிற தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் கையில் தண்ணீர் விட்டாள். முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டாள். 104-ல் கட்டிலில் அவளும் அம்முவும் படுத்தார்கள். வெங்கடராகவன் சோபாவில், ஏசி நேராகத் தலையில் அடிக்கிறது என்று முனகிக்கொண்டு. காலையில் மூவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். சம்பந்தி அம்மாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாட்டுப்பெண் யாருக்குக் கிடைக்கும் என்று உருகினாள். வெங்கடராகவன் அடக்கமாகத் தலையை ஆட்டி அந்தப் பாராட்டைத் தன் கணக்கில் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை வழக்கு வழக்கம்போல் நடந்தது. அதற்கு அடுத்த மாதம் வெங்கடராகவன் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தார்: எதிர்மனுதாரர் வீட்டை விட்டுச் சென்ற நாள் முதல் இன்று வரை இருவரும் ஒரு நாள்கூட ஒரே கூரையின் கீழ் வாழவில்லை. படித்துப் பார்த்துத்தான் போட்டார். ரிசார்ட்டின் கூரை அவருக்கு ஞாபகம் வரவில்லை. அது ஆத்து விஷயம்.

பெருந்தேவி சதி செய்தாள் என்று பின்னால் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படி ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷமாக அவர் கொடுத்த காகிதங்களை எல்லாம் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் இதையும் போட்டு வைத்தாள், அவ்வளவுதான். குறுக்கு விசாரணைக்கு முன்னால், இருக்கிற பேப்பரை எல்லாம் கொண்டுவாங்க மேடம் என்று ஜாக்குலின் சொன்னபோது உறையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினோரு அம்சத்தைப் படித்துவிட்டு ஜாக்குலின் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாளாம்.

வாய்தா வாய்தாவாக இன்னும் இரண்டு வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை குறுக்கு விசாரணை. வெங்கடராகவன் கூண்டில் ஏறி, சட்டைப் பையைச் சரி செய்துகொண்டு நின்றார்.

"உங்க வீட்டுல மண்ணெண்ணெய் எந்த இடத்துல வெச்சிருப்பீங்க சார்?" என்று ஆரம்பித்தாள் ஜாக்குலின்.

"எங்காத்துல காஸ்தான்."

"எத்தனை வருஷமா?"

"அப்பா காலத்துலேர்ந்து."

"அப்ப பதினேழாவது பத்தியில உங்க மனைவி ஊத்திக்கப் போன மண்ணெண்ணெய் எங்கேர்ந்து வந்தது?"

வெங்கடராகவன் வாசுதேவனைப் பார்த்தார். வாசுதேவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பின்வரிசையில் பூபாலன் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்துவிட்டான். மொட்டை மாடிக்கும் இதே கதிதான். அந்த வீட்டு மாடிச் சாவி எப்போதும் மாமியார் இடுப்பில் இருக்கும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்து ஒரு புகைப்படம் வந்தது. மணல், மேடை, மடிசார். இது என்ன என்றால் தங்கை கல்யாணம். பக்கத்தில் நிற்பது யார் என்றால், வெங்கடராகவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எதிர்மனுதாரர்" என்றார். நீதிபதி அம்மாள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எதிர்மனுதாரர் உங்க கையில தண்ணி ஊத்தறாங்க," என்றாள் ஜாக்குலின். "நீங்க கூப்பிட்டு வந்தாங்களா, அவங்களா வந்தாங்களா?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். தங்கைக்காகக் கூப்பிட்டேன், அவள் பெரிய மனசு பண்ணி வந்தாள் என்று. சொன்னால் என்ன ஆகும்? கொடுமை செய்தவள் என்றவளை நீயே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, ஒரே அறையில் தங்க வைத்தாய் என்றால், செய்த கொடுமையை நீ மன்னித்துவிட்டாய் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். மன்னித்ததை வைத்து விவாகரத்துக் கேட்க முடியாது. வழக்குத்தான் போகும். ஆனால் வெங்கடராகவனுக்கு அதைவிடப் பெரிய பயம், கூப்பிட்டேன் என்று சொன்னால் அவளுடைய தயவு ஒன்று தன் தலையில் ஏறிவிடுமே என்பது. சம்பந்தி காதுக்கும் போய்விடுமே.

"அவளாவே வந்தா. அழைப்பு இல்லாம வந்து நின்னா. கல்யாண மேடையில தகராறு வேண்டாமேன்னு நான் பொறுத்துண்டேன்."

சுவரோரம் நின்றிருந்த பெருந்தேவி அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தலையை நிமிர்த்தினாள். பதினைந்து வருஷத்தில் அந்த மனிதர் அவளைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார். அழையாமல் வந்து நின்றவள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜாக்குலின் நீல மையில் எழுதிய தாளை நீட்டினாள். கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்து, ஒரு எழுத்து கோணாமல், ஓரம் விட்டு, எண் போட்டு, அச்சடித்த மாதிரி இருந்தது. அதைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"என்னுதுதான்."

"நாலாவது பாயின்ட்டை நீங்களே படிங்க," என்றார் நீதிபதி.

படித்தார். அறை எண் 104 என்று ஆரம்பித்து, பார்வையில் படும்படி என்ற இடத்தில் குரல் இறங்கியது. எட்டாவதையும் படிக்கச் சொன்னார்கள். ஒன்பதாவதைப் படிக்கும்போது, எப்போதும் தன் பெயரைக் கூப்பிடும்வரை தூங்குகிற ஒரு கிழ வக்கீல்கூட விழித்துக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை. தாளை வாங்கி ஒருமுறை தானே படித்துவிட்டு, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வெங்கடராகவன் மேக்னாவுக்குப் போன் போட்டார். கோர்ட்டில் படம் வந்துவிட்டது, சம்பந்தி காதில் விழாமல் பார்த்துக்கொள் என்றார்.

"அவாளுக்கு எல்லாம் தெரியும் அண்ணா. கல்யாணம் ஆன ரெண்டாவது வாரமே நான் சொல்லிட்டேன்."

"என்னது? சம்பந்தி என்ன சொன்னார்?"

"இவ்வளவு நடந்தும் உன் மன்னி வந்து தண்ணி விட்டாளான்னு கேட்டார். 'விட்டா'ன்னேன். 'நல்ல பொண்ணும்மா அவ'ன்னார். உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலை."

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. வெங்கடராகவனின் மனு தள்ளுபடி. பெருந்தேவியின் கோரிக்கை ஏற்கப்பட்டது, கல்யாணம் கலைந்தது. யாருடைய தப்பு என்ற விஷயத்தில் நீதிபதி சுருக்கமாக எழுதவில்லை. மனைவிக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கும் குறிப்பாணை கொடுத்தது, இல்லாத மண்ணெண்ணெய், இல்லாத மொட்டை மாடிப் பேச்சு, கூப்பிட்டு வந்தவளை அழையாமல் வந்தாள் என்று சத்தியம் செய்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, மனுதாரர் எதிர்மனுதாரரை மன ரீதியாகக் கொடுமைப்படுத்தியது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது என்று முடித்திருந்தார். ஆறு பத்தி. அதன் கீழே கையெழுத்தும் முத்திரையும்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். முதல் இரண்டு வாரம் வெங்கடராகவன் அந்த ஆறு பத்தியையே திரும்பத் திரும்பப் படித்தார். மூன்றாவது வாரம் வாசுதேவனிடம் வந்து, விவாகரத்தை ஏற்றுக்கொள்கிறேன், அந்த ஆறு பத்தியை மட்டும் நீக்கச் சொல்லி ஹைகோர்ட்டில் போட முடியுமா என்று கேட்டார். வாசுதேவன் முப்பது வருஷ சர்வீஸில் கேட்காத கேள்வி. அந்த ஆறு பத்தி போனால் விவாகரத்தும் போய்விடும், அதன் மேல்தான் அது நிற்கிறது என்றார். மேல்முறையீடு போட்டால் முழுசுக்கும்தான். அது முடிகிறவரை அந்த அம்மாளும் நீங்களும் மறுபடி அந்தரத்தில் தொங்க வேண்டும். அவளும் வேறு எதற்கும் போக முடியாது, நீங்களும் முடியாது. தேவையா?

தேவையா என்பது வெங்கடராகவனுக்குப் புரிகிற கேள்வியே இல்லை. எழுத ஆரம்பித்தார்.

முப்பதாவது நாள் காலை அறுபத்தொரு பத்தியோடு வந்தார். வாசுதேவன் அன்றைக்கு மதுராந்தகம் கோர்ட்டில் முக்கியமான வேலை என்று காலையிலேயே கிளம்பியிருந்தார். பூபாலன் மட்டும் இருந்தான். காகிதத்தை வாங்கி, சென்னைக்கு ரயில் ஏறி, நாலு மணிக்குள் ஹைகோர்ட் கவுன்ட்டரில் சேர்க்க வேண்டியது அவன் வேலை.

"சாமி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத," என்றான் பூபாலன். "இத்த போட்டா அந்தம்மா மறுபடியும் உன் தலையில வந்துகினு நிப்பாங்க. வருசக்கணக்கா இஸ்துகினு போவும். நீ இன்னும் அவங்களுக்குப் புருசன்தான்னு நீயே மனு போட்ற மாதிரி. போடவா?"

"ஒரு தடவை படிச்சுட்டுத் தரேன்," என்றார் வெங்கடராகவன்.

சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினொன்றே கால் வண்டி ஏரிப் பக்கம் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. நாலாவது பத்தியில் 'கண்ணியமான' என்பதை 'கண்ணியமும் கட்டுப்பாடும் மிக்க' என்று மாற்றினார். பன்னிரண்டு மணி வண்டி போனது. ஒன்பதாவது பத்தியில் ரசத்தில் உப்பு அதிகமான நாள் வெள்ளியா, சனியா என்று சந்தேகம் வந்து, பையிலிருந்து நீள நோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டார். பூபாலன் எதிர்க் கடையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஒரு மணி வண்டிதான் கடைசி சாமி. அத்த உட்டா நாலு மணிக்குப் போயி சேர முடியாது."

வெங்கடராகவன் கையை உயர்த்தி, பேசாதே என்றார். இருபத்து மூன்றாவது பத்தியில் தன்னைப் பற்றி எழுதியதில் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று தெரியவில்லை. தன் நல்ல குணங்களை இன்னொரு முறை கணக்கெடுத்தார். ஒரு மணி வண்டி பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்புகிற சத்தம் வக்கீல் ஆபீஸ் ஜன்னல் கம்பியில் கிடுகிடுவென்று கேட்டது. பூபாலன் சட்டைப் பையிலிருந்த ரயில் டிக்கெட்டை எடுத்துப் பார்த்து, நாலாக மடித்துக் கிழித்தான்.

அந்த நேரத்தில் திருப்போரூர் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. பெருந்தேவி சாக்பீஸை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குப் போய், கரும்பலகையில் வட்டம் ஒன்று போட்டாள். நாலு மணிக்கு முடிகிற கெடுவைப் பற்றி ஜாக்குலின் அவளுக்குச் சொல்லியிருந்தாள்; அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தாள்.

வெங்கடராகவன் இருபத்து நாலாவது பத்திக்கு வந்திருந்தார்.